சிறுவர் நீதியும் பெற்றோர் உரிமையும்

பையன் ஒருவன் திருட்டுக் குற்றத்தில் அகப்பட்டான் என்று கேள்விப்பட்டவுடன் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதே. வளர்த்தவர்களைக் குறை கூறாமல் அந்தப் பேச்சு முடிவதில்லை. ஆனால் அதே பையனை இனி என்ன செய்வது என்று போலீஸாரும் அதிகாரிகளும் ஆலோசிக்கும்பொழுது, வளர்த்தவர்கள் வாயிற்படிக்கு வெளியே நிற்கிறார்கள். பழி சுமப்பதற்குப் பெற்றோர் வேண்டும். வழி காண்பதற்கு வேண்டாம். இந்த விபரீத முறை நியாயமன்று என்பதும், நமது தேசத்தின் சட்டமே இதற்கு இடங்கொடுக்கவில்லை என்பதும் நமது கட்சி.

இவ்விஷயத்தில் ஜனங்களிடையே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. குற்றத்தில் அகப்படும் சிறுவர்கள் தாய் தந்தையற்றவர்கள், வீதியில் திரிகிறவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய சர்க்காரின் தேசீயக் குற்றப் பதிவு நிலையத்தார் வெளியிட்டு வரும் ஆண்டுக் கணக்குகள் இதைப் பொய்யாக்குகின்றன. பிடிபடும் சிறுவரில் 100க்கு 80 பேருக்கு மேற்பட்டவர்கள், பிடிபட்ட காலத்தில் பெற்றோருடன் வாழ்ந்து வந்தவர்களே. அவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகப் போவதும் அதே வீட்டுக்குத்தான். 16 வயது கடந்து, மிகக் கொடிய குற்றத்துக்காகப் பெரியவரைப்போல் விசாரிக்கப்படும் சிலர் நீங்கலாக, எந்தச் சிறுவனையும் சிறப்பு இல்லத்தில் 3 வருஷத்துக்கு மேல் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. அந்தக் காலம் கழிந்தபின் அவன் எங்கே போவான்? தன் தெருவுக்கும், தன் வீட்டுத் திண்ணைக்கும்தான் போவான். அந்த வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளாமல் செய்யும் சீர்திருத்தம், கரையைக் கட்டாமல் ஏரியில் நீர் தேக்க முயல்வதற்குச் சமானம்.

அன்னியர் வகுத்த வழி

குடும்பத்தாரை ஒதுக்கி வைக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். 1850ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்கார் இயற்றிய தொழில் பழகுநர் சட்டம், சிறு குற்றம் புரிந்த சிறுவர்களை எஜமானர்களிடம் தொழில் கற்க ஒப்படைக்க வழி செய்தது. பின்னர் 1876ஆம் ஆண்டிலும், திருத்தமாக 1897ஆம் ஆண்டிலும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் வந்தன. 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 வயதுக்குட்பட்ட பையனை 3 வருஷத்துக்குக் குறையாமலும் 7 வருஷத்துக்கு மேற்படாமலும் பள்ளியில் அடைக்கலாம். பையனை வீட்டிலிருந்து பிரித்துவிட்டால் அவன் திருந்துவான் என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து. வீட்டையும் ஊரையும் நோய் பிடித்த இடமாகவும், பள்ளியின் மதிலை மருந்தாகவும் கருதிய காலம் அது.

இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர்களுக்கெனத் தனிச் சட்டம் செய்த மாகாணம் சென்னை. 1920ஆம் ஆண்டில் சென்னைக் குழந்தைகள் சட்டம் பிறந்தது. வங்காளமும் பம்பாயும் முறையே 1922, 1924ஆம் ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. சிறுவரைப் பெரியவர்களுடன் சிறையில் அடைப்பது கூடாது என்ற நல்ல கொள்கை இச்சட்டத்தால் வேரூன்றியது. அதற்காக நாம் பெருமைப்படலாம். ஆயினும் அது 1908ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி எழுந்தது. பெற்றோரைக் கோர்ட்டுக்கு வரவழைக்கவும், பிள்ளைக்கு விதித்த அபராதத்தை அவர்கள் தலையில் கட்டவும் வழி இருந்தது. அவர்களைக் கலந்து ஆலோசிக்கும் வழக்கம் ஏற்படவில்லை. பெற்றோர் சாட்சியாக வந்தனர், கடனாளியாக வந்தனர், யோசனை சொல்லும் உரிமையுள்ளவர்களாக வரவில்லை.

சட்டம் சொல்வது

சுதந்திர இந்தியாவில் 1986ஆம் ஆண்டில் தேசம் முழுவதற்கும் பொதுவான சட்டம் வந்தது. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992ஆம் ஆண்டு டிஸம்பரில் சேர்ந்தது. அதற்கிணங்க 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதை மாற்றி 2015ஆம் ஆண்டில் இப்பொழுது அமலிலுள்ள இளைஞர் நீதிச் சட்டமும் இயற்றப்பட்டன. தில்லியில் 2012ஆம் ஆண்டு நடந்த கோரச் சம்பவத்தினால் எழுந்த ஜனங்களின் ஆத்திரம் இந்தக் கடைசிச் சட்டத்தில் பதிந்திருக்கிறது. 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பெரியவர்போல் விசாரிக்கும் ஷரத்தைப் பற்றியே பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அதே சட்டத்தில் குடும்பத்தாரைப் பற்றி எழுதியிருப்பதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

3ஆவது பிரிவில் வகுத்த மூல தத்துவங்களில், பிள்ளையைப் பேணிக் காக்கும் முதற்பொறுப்பு குடும்பத்தினுடையது என்பதும் ஒன்று. போலீஸார் சிறுவனைப் பிடித்தவுடன் கூடிய சீக்கிரத்தில் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். நன்னடத்தை அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும். அவ்வலுவலர் 2 வாரத்துக்குள் வீட்டு நிலைமையை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்று 13ஆவது பிரிவு விதிக்கிறது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் பையனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். குழுமத்தில் மாஜிஸ்திரேட்டுடன் சமூக சேவகர் இருவர் அமர வேண்டும். அவர்களில் ஒருவரேனும் பெண்ணாயிருக்க வேண்டும். பையனை ஜாமீன்தாரர் இருந்தோ இல்லாமலோ விடுவிக்கலாம் என்பது 12ஆவது பிரிவு. ஆகவே சொத்துள்ள ஜாமீன்தாரர் அகப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் ஏழையின் மகன் அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது 8ஆவது பிரிவு. விசாரணையின் ஒவ்வொரு படியிலும், சிறுவனும் அவனுடைய பெற்றோரும் விஷயம் இன்னதென்று அறிந்து பங்கெடுத்துக்கொள்ளும்படி செய்வது குழுமத்தின் கடமை என்று அது கூறுகிறது. "அறிந்து" என்ற சொல்லையும் "ஒவ்வொரு படியிலும்" என்ற சொல்லையும் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். இது அதிகாரிகள் மனமிரங்கிச் செய்யும் தயவன்று. பார்லிமெண்டு விதித்த கட்டளை.

நடப்பது

நடைமுறையில் காண்பது என்ன? ஜில்லாத் தலைநகரில் குழுமம் கூடுகிறது. மலையடிவாரக் கிராமத்திலிருந்தும் கடற்கரைக் குப்பத்திலிருந்தும் பெற்றோர் அன்றையக் கூலியை இழந்து, பஸ் கட்டணத்துக்குக் கடன் வாங்கி வந்து சேர வேண்டியிருக்கிறது. வந்தபின் தாழ்வாரத்தில் காத்திருக்கிறார்கள். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், காட்டிய இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு, அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு திரும்புகிறார்கள். பையன் மீதுள்ள குற்றச்சாட்டு என்ன, அவனை விடுவிக்க வழி உண்டா, இலவசமாக வக்கீல் கிடைப்பாரா என்பவற்றைத் தமிழில் பொறுமையாக எடுத்துச் சொல்வோர் அருமை. வீட்டைப் பற்றி எழுதும் அறிக்கை வீட்டாருக்கே படித்துக் காட்டப்படாவிட்டால், அதில் கண்டது மெய்யா பொய்யா என்று சொல்ல அவர்களுக்கு எப்படி இயலும்?

பெற்றோரைத் தூரத்தில் நிறுத்துவதால் விளையும் கேடு கோர்ட்டு அறையோடு முடிவதில்லை. 2022ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் செங்கல்பட்டிலுள்ள அரசினர் இல்லத்தில் ஒரு சிறுவன் மாண்டான். அவனை அடித்துக் கொன்றதாகக் குற்றஞ் சாட்டப்பட்டு, அங்கே வேலை பார்த்த 6 பேர் கைதாயினர். தமிழ்நாட்டு சர்க்கார் ஓய்வுபெற்ற நீதிபதி ஸ்ரீ சந்துருவைக் கொண்டு, இத்தகைய இல்லங்களின் நிர்வாகத்தை ஆராயச் செய்தனர். பிரிட்டிஷ் காலத்தில் சீர்திருத்தப் பள்ளி நடந்த ஊர் அது. ஆட்சி மாறியும், சட்டம் நான்கு முறை மாறியும், மதில் மட்டும் மாறவில்லை. தாயும் தகப்பனும் தடையின்றி வந்து போகும் இடத்தில், பிள்ளையின் முதுகில் உள்ள காயம் ஒரு வாரம் மறைந்திருக்க முடியாது. பெற்றோரின் கண்ணைவிடச் சிறந்த காவல் வேறில்லை.

மாவோரி மக்கள் காட்டிய வழி

இதற்கு மாற்று உண்டா என்று கேட்போருக்கு நியூஸிலாந்து தேசத்தின் அனுபவத்தை எடுத்துக் காட்டுகிறோம். அத்தீவுகளின் பூர்வ குடிகளான மாவோரி மக்களின் பிள்ளைகளை, வெள்ளையர் வகுத்த சமூக நல இலாகா பெருந்தொகையாகப் பிடித்து இல்லங்களில் அடைத்து வந்தது. மாவோரியர் கணக்கில் குடும்பம் என்பது தாய் தந்தையர் மட்டுமன்று. பாட்டனும் பாட்டியும், மாமனும் அத்தையும், அவர்கள் மக்களும் சேர்ந்ததே குடும்பம். ஜான் ராங்கிஹாவ் என்ற மாவோரிப் பெரியவரின் தலைமையில் அமைந்த கமிட்டி, 1986ஆம் ஆண்டில் 'விடியல்' என்று பொருள்படும் மாவோரிப் பெயருடன் ஓர் அறிக்கை வெளியிட்டது. எங்கள் பிள்ளைகளைப் பற்றி எங்களைக் கேளாமல் முடிவு செய்யும் முறை ஒழிய வேண்டும் என்பதே அதன் சாரம். அதன் பயனாக 1989ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது.

அச்சட்டத்தின் உயிர்நாடி 'குடும்பக் கூட்டம்' என்ற ஏற்பாடு. சிறுவன் குற்றத்தை மறுக்காத பட்சத்தில், இளைஞர் கோர்ட்டு தீர்மானிக்குமுன் குடும்பக் கூட்டம் கூட்டியாக வேண்டும். கூட்டுவதற்கென்றே ஓர் உத்தியோகஸ்தர் இருக்கிறார். பையன், அவன் சுற்றத்தார், போலீஸார், பையனின் வக்கீல், குற்றத்தால் நஷ்டமடைந்தவர், அவருக்குத் துணையாக வருவோர் ஆகியோர் ஒரே இடத்தில் அமர்கிறார்கள். நடந்தது என்ன என்று போலீஸார் கூறுவர். தாம் பட்ட துன்பத்தை நஷ்டமடைந்தவர் பையனின் முகத்துக்கு நேரே கூறுவார். பின்பு எல்லோரும் எழுந்து வெளியே போய்விட, குடும்பத்தார் மட்டும் தனித்து யோசிப்பர். மன்னிப்புக் கேட்பது, பொருளுக்கு ஈடு கொடுப்பது, பொது வேலை செய்வது, பள்ளிக்குத் திரும்புவது, ஒரு மாமன் வீட்டில் சில மாதம் இருப்பது என்றிவ்வாறு ஒரு திட்டம் வகுத்து அவர்கள் சபைக்குக் கொண்டுவருவர். எல்லோரும் இசைந்தால் அதுவே தீர்வுக்கு அடிப்படை.

2008ஆம் ஆண்டில் இன்னும் ஒரு படி முன்சென்றார்கள். கிஸ்போர்ன் நகரத்தில் நீதிபதி ஹீமி தவுமவுனு முயற்சியால், மாவோரியர் தங்கள் முன்னோரைப் போற்றிக் கூடும் சபைத் திடலிலேயே இளைஞர் கோர்ட்டு கூடலாயிற்று. நீதிபதிக்குப் பக்கத்தில் குலப் பெரியோர் அமர்கிறார்கள். பையன் தன் மலையையும் ஆற்றையும் குலத்தையும் கூறித் தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டும். தான் யாருமற்றவன் அல்லன் என்ற உணர்ச்சியை அந்த ஒரு வழக்கம் ஊட்டுகிறது.

இம்முறையால் எல்லாம் சீராகிவிட்டதென்று நாம் சொல்லவில்லை. இன்றும் அத்தேசத்து இளைஞர் கோர்ட்டுகளுக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டவர் மாவோரியரே. பழைய முறையின் கணக்கும் பின்னர் வெளியாயிற்று. 1950 முதல் 2019 வரை சர்க்கார் இல்லங்களிலும் மத ஸ்தாபன இல்லங்களிலும் பராமரிக்கப்பட்ட சுமார் 6,55,000 பேரில், 2,00,000 பேர் வரையில் கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்று அங்கு நியமித்த ராயல் கமிஷன் மதிப்பிட்டது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 12ந் தேதி பிரதம மந்திரி பார்லிமெண்டில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். வீட்டைவிடச் சர்க்கார் சிறந்த தாய் என்று வாதிப்பவர்கள் இந்தக் கணக்கைப் படிப்பது நலம்.

தாய்மார் மூடிய சிறை

நியூஸிலாந்தில் சட்டமே பெற்றோரை அழைத்தது. அமெரிக்காவின் லூயிஸியானா மாநிலத்தில் பெற்றோர் அழைப்புக்குக் காத்திராமல் தாங்களே புறப்பட்டார்கள். தல்லூலா என்ற ஊரில் 1994ஆம் ஆண்டில் திறந்த சிறுவர் சிறை, அடி உதைக்குப் பேர்போனதாயிற்று. மத்திய சர்க்காரின் நீதி இலாகாவே 1998ஆம் ஆண்டில் மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அடைபட்ட பிள்ளைகளின் தாய்மாரும் உற்றாரும் 2001ஆம் ஆண்டில் ஒரு சங்கம் கண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், கறுப்பர்கள். தங்கள் பிள்ளைகளின் கனவுகள் மாண்டனவென்று காட்ட, அவ்வூர் வழக்கப்படி வாத்திய முழக்கத்துடன் சவ ஊர்வலம்போல ஓர் ஊர்வலம் நடத்தினர், சட்டசபை வாயிலில் நின்றனர், சாட்சி கூறினர். 2003ஆம் ஆண்டில் சிறுவர் நீதிச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டில் தல்லூலாச் சிறுவர் சிறை மூடப்பட்டது.

பெற்ற வெற்றியைக் காத்துக்கொள்வதும் எளிதன்று என்பதையும் அதே மாநிலம் காட்டுகிறது. 2022ஆம் ஆண்டில் சில சிறுவர்களை அங்கோலா என்ற பெரியவர்கள் சிறையின் எல்லைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த ஆண்டில் மத்திய கோர்ட்டு நீதிபதி உத்தரவிட்ட பின்னரே அவர்கள் அகற்றப்பட்டனர். 2024ஆம் ஆண்டிலோ 17 வயதினரை மறுபடியும் பெரியவர்களாகக் கருதும் சட்டம் அமலுக்கு வந்தது. கண்காணிக்கும் பெற்றோர் சங்கம் ஓய்ந்தால் சட்டமும் ஓயும்.

சில ஆட்சேபங்கள்

பையன் கெட்டதற்கே வீடு காரணமாயிருந்தால், அந்த வீட்டாரை எப்படி நம்புவது என்று சிலர் கேட்கலாம். குடித்து அடிக்கும் தகப்பன் உண்டு. பிள்ளையையே திருட அனுப்பும் உறவினரும் உண்டு. இது மெய். ஆனால் குடும்பம் என்பது அந்த ஒருவன் மட்டுமன்று. தாய்மாமன் இருக்கிறான், பாட்டி இருக்கிறாள், மணமான தமக்கை இருக்கிறாள், பையன் மதிக்கும் உபாத்தியாயர் இருக்கிறார். நல்லவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே நன்னடத்தை அலுவலரின் வேலை. சட்டமும், பையனுக்கு அபாயம் என்றால் வீட்டுக்கு அனுப்பாதிருக்கக் குழுமத்துக்கு அதிகாரம் அளித்திருக்கிறது.

இது குற்றத்துக்குச் சலுகை காட்டுவதாகும் என்பது இரண்டாவது ஆட்சேபம். நஷ்டமடைந்தவர் முன் தலைகுனிந்து நிற்பதும், தன் தாயின் கண்ணீரைக் காண்பதும், உழைத்து ஈடு செய்வதும் சலுகை என்றால், கூரைக்கடியில் படுத்து நாள் எண்ணுவது மட்டும் எவ்வாறு கடுந்தண்டனையாகும்? நமது கோர்ட்டுகளில் பொருளை இழந்தவரும் பெற்றோரைப்போலவே வெளியில் நிற்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது ஆட்சேபத்தை நாமே எழுப்புகிறோம். குடும்பக் கூட்டம் என்ற பெயரில் ஜாதிப் பஞ்சாயத்து உள்ளே நுழைந்துவிடக் கூடாது. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனை மேல்ஜாதிப் பெரியதனக்காரர் முன் நிறுத்தி, அபராதம் விதித்து, ஊரைவிட்டு விலக்கும் வழக்கத்துக்குச் சட்டத்தின் முத்திரை கிடைத்துவிட்டால் அதைவிட அநியாயம் வேறில்லை. ஆகையால் கூட்டத்துக்கு யார் வருவது என்பதைப் பையனும் அவன் வீட்டாருமே சொல்ல வேண்டும்; வக்கீல் உடனிருக்க வேண்டும்; முடிவு குழுமத்தின் பரிசீலனைக்கு உட்பட வேண்டும்; பெண் குழந்தைகளுக்கு இழைத்த கொடுமைகளைப் பேசித் தீர்ப்பதென்ற பேச்சே கூடாது.

செய்ய வேண்டியவை

புதிய சட்டம் வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. பையனைப் பிடித்த நேரத்தையும் பெற்றோருக்கு அறிவித்த நேரத்தையும் போலீஸார் எழுதி, இரண்டையும் குழுமத்தார் முதல் நாளிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெற்றோரின் உரிமைகளை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுப்பதோடு, எழுத்தறியாதவர்களுக்குப் படித்துச் சொல்லவும் வேண்டும். வீட்டு நிலைமை அறிக்கையை வீட்டார் கேட்டு, தங்கள் மறுமொழியைச் சேர்க்க இடமளிக்க வேண்டும். விசாரணைக்கு வரும் ஏழைப் பெற்றோருக்குப் பிரயாணச் செலவும் ஒரு நாள் கூலியும் சர்க்கார் கொடுப்பது அவசியம்.

அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பவும், பொது வேலை விதிக்கவும், பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தை முறையில் விடவும் 18ஆவது பிரிவு குழுமத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தைச் செலுத்துமுன் குடும்பத்தாரைக் கூட்டி யோசனை கேட்க எந்தச் சட்டமும் தடையாயில்லை. இல்லங்களைப் பார்வையிடும் கமிட்டி 3 மாதத்துக்கு ஒரு முறையேனும் செல்ல வேண்டும். மூவருக்குக் குறையாமல், ஒரு பெண்ணும் ஒரு டாக்டரும் அதில் இருக்க வேண்டும் என்று 54ஆவது பிரிவு கூறுகிறது. அந்த மூவருடன், முன்பு தம் பிள்ளையை அங்கே விட்டிருந்த பெற்றோர் ஒருவரையும் அங்கத்தினராக்கும்படி தமிழ்நாட்டு சர்க்காரை வேண்டுகிறோம். பூட்டிய அறையில் எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் ஏழைகளின் உரிமையைப் பேசும் நாம், ஏழைத் தாய் ஒருத்தி குழுமத் தாழ்வாரத்தில் தனியே நிற்கும் நாளில் எங்கே இருக்கிறோம்? ஒவ்வொரு ஜில்லாவிலும் வக்கீல் ஒருவரும் தொண்டர் இருவரும் குழுமம் கூடும் நாளில் அங்கே போய் நிற்கட்டும். வந்திருக்கும் பெற்றோருக்குச் சட்டத்தைச் சொல்லட்டும். ஒருவரோடொருவர் அறிமுகம் செய்து வைக்கட்டும். தனித்தனியே வெட்கத்தால் தலைகுனிந்து நிற்பவர்கள், ஒன்றுசேர்ந்தால் ஒரு சங்கமாவார்கள். சட்டம் அவர்களுக்கு உள்ளே இடம் ஒதுக்கியாயிற்று. கதவைத் திறந்து அந்த இடத்தில் அவர்களை அமர்த்துவதே இனி நமது வேலை.